கால்பந்து பார்க்காத கணித மேதை

இங்கிலாந்துக் கால்பந்துப் போட்டிகளில் எந்த அணி எத்தனை கோல் போடும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. அந்தக் கணக்குக்கு ஒரு பிரெஞ்சுக்காரரின் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் பெயர் சைமன் டெனிஸ் பாய்சான்.

இன்று நாம் பார்க்கும் கால்பந்து ஆட்டத்தை அவர் பார்த்ததே இல்லை! அவர் இறந்தது 1840-ல். ஆட்டத்துக்கு விதி எழுதியது 1863-ல்.

முட்டைக்கோசு இலை

பாய்சான் 1781-ம் ஆண்டு ஜூன் 21-ந் தேதி, பித்திவியே என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் ஒரு காலத்தில் சாதாரணச் சிப்பாய். பையன் பிழைக்க ஒரு தொழில் வேண்டுமே! ரண சிகிச்சை செய்யும் மாமாவிடம் அனுப்பி வைத்தார்.

அந்தக் காலத்தில் நோயாளியின் நரம்பைக் கீறி ரத்தம் எடுப்பதுதான் பெரிய வைத்தியம். மாமா முட்டைக்கோசு இலையைக் கொடுத்து, அதன் நரம்பில் கத்தி முனையால் குத்திப் பழகச் சொன்னாராம். பையனுக்கோ கை சொன்னபடி கேட்காது.

ஒரு நாள் அவன் தனியாகப் போய் ஒரு நோயாளிக்கு மருந்துப் பற்றுப் போட்டான். சில மணி நேரத்தில் நோயாளி இறந்துபோனார். இதெல்லாம் சகஜம் என்று ஊர் வைத்தியர்கள் தேற்றினார்கள். பையன் கேட்கவில்லை. வைத்தியத்தையே விட்டுவிட்டான்.

ஒரே ஒரு சாவை வைத்து ஒரு தொழிலையே எடை போட்டவர், பிறகு என்ன கணக்கு எழுதினார் என்பதுதான் வேடிக்கை.

முதல் மாணவர்

1798-ல் பாரீஸ் பாலிடெக்னிக் கல்லூரித் தேர்வில் அவரே முதல். படம் வரைய மட்டும் வராது. லக்ராஞ்ச், லாப்லாஸ் என்ற இரு பெரும் மேதைகள் அவரைத் தட்டிக்கொடுத்தார்கள். 1806-ல் அங்கேயே பேராசிரியர் ஆனார்.

உயிர் போகும் விஷயம்

1837-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அது நீதிமன்றத் தீர்ப்புகளைப் பற்றியது. ஜூரிகள் எத்தனை தடவை தவறுவார்கள்? குற்றவாளி என்று அவர்கள் சொன்னால் ஒருவன் தலையே போகலாம். ஆகவே இது விளையாட்டு அல்ல.

ஒரு வழக்கை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஏராளமான வழக்குகளைச் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும் என்று காட்டினார். அதற்குப் ‘பெரிய எண்களின் விதி’ என்று பெயர் வைத்தவரும் அவரே.

அதே புத்தகத்தில் இன்னொரு சிறு கணக்கும் இருந்தது. வாய்ப்புகள் ஏராளம், ஒவ்வொன்றும் பலிப்பது அரிது. அப்படிப்பட்ட காரியத்தில் சராசரி ஒன்று தெரிந்தால் போதும், மற்றதைக் கணக்கிடலாம்.

மூன்றே ஆண்டில், 1840 ஏப்ரல் 25-ந் தேதி அவர் காலமானார்.

குதிரை உதை

1898-ல் போர்ட்கீவிச் என்பவர் அந்தக் கணக்கைச் சோதித்தார். பிரஷ்ய ராணுவத்தில் 10 படைப் பிரிவுகளில், 20 ஆண்டுகளில் குதிரை உதைத்து இறந்தவர்கள் 122 பேர். ஒரு பிரிவின் ஓர் ஆண்டை ஒன்றாக எண்ணினால் மொத்தம் 200. சாவே இல்லாதவை சுமார் 109 என்றது கணக்கு. உண்மையிலும் 109!

குதிரை காலிலிருந்து மனிதர் காலுக்கு வருவோம். ஓர் அணி எத்தனையோ தடவை பந்தைக் கொண்டுபோகிறது. கோல் விழுவது அபூர்வம். சராசரி ஒன்றரை கோல் போடும் அணி, 100 ஆட்டத்தில் சுமார் 22-ல் ஒரு கோலும் போடாது. 33-ல் ஒன்று, 25-ல் இரண்டு போடும்.

1982-ல் மாஹர் என்பவர் ஒவ்வோர் அணிக்கும் தாக்கும் பலம், தடுக்கும் பலம் என்று இரண்டு எண் கொடுத்தார். சொந்த மைதானத்தில் ஆடும் சாதகத்தையும் சேர்த்தார். இதைக்கொண்டு ஒரு பருவத்தின் எல்லா ஆட்டங்களையும் கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான தடவை நடத்திப் பார்த்து, யார் முதலில் வருவார் என்று எண்ணுகிறார்கள்.

சராசரி 2 கோல் போடும் அணியும் 1 கோல் போடும் அணியும் மோதினால், 100-க்கு 18 தடவை எளிய அணியே ஜெயிக்கும்! ஓர் ஆட்டத்தை வைத்துப் பலத்தை எடை போட முடியாது. பிரிமியர் லீக்கில் ஓர் அணி 38 தடவை ஆடுகிறது. அப்போதுதான் பலம் மெல்லத் தெரிகிறது.

0–0, 1–1 என்று முடியும் ஆட்டங்கள் மட்டும் கணக்கைவிடக் கொஞ்சம் அதிகமாக வந்தன. 1997-ல் டிக்சன், கோல்ஸ் என்ற இருவர் அதற்கு ஒரு திருத்தம் சேர்த்தார்கள். அடிப்படைக் கணக்கு பாய்சானுடையதே.