புனல் வைத்த பேராசிரியர்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சங்கத்தில் கேட்டார்கள். நான் கல்பாக்கம் பக்கம் தொழிற்கூடங்களுக்கு வயர்லெஸ் இணைப்பு அமைத்துத் தரும் வேலையில் இருப்பவன். தொட்டியில் எவ்வளவு மட்டம், குழாயில் எவ்வளவு சூடு என்ற செய்தி கம்பியில்லாமல் கண்ட்ரோல் ரூமுக்குப் போக வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் தம்பிகள் முதலில் கேட்பது, எந்த ஆன்டெனா போடலாம் சார் என்பதுதான். அப்போதெல்லாம் எனக்கு ஜகதீச சந்திர போஸ் ஞாபகம் வருவார். செடிக்கு உயிர் இருக்கிறது என்று சொன்னவர் என்றுதான் நம்மில் பலருக்கு அவரைத் தெரியும். அதற்கு முன்பே அவர் ஆன்டெனாக்காரர்!

1858-ல் வங்காளத்தில் பிறந்தார். தகப்பனார் அரசு அதிகாரி. இருந்தும் மகனைத் தாய்மொழிப் பள்ளியில்தான் சேர்த்தார். லண்டனுக்கு டாக்டர் படிப்புக்குப் போன போஸ் உடம்பு சரியில்லாமல் அதை விட்டு, கேம்பிரிட்ஜில் அறிவியல் படித்துத் திரும்பினார். 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் வேலை. வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதைவிடக் குறைவு. போஸ் மூன்று வருஷம் சம்பளமே வாங்காமல் பாடம் நடத்தினார். வீட்டில் தகப்பனாரின் கடன் வேறு. கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்து முழுச் சம்பளத்தையும் பாக்கியோடு கொடுத்தது. 1887-ல் அவர் மணந்த அபலா, நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

1894-ல் ஆராய்ச்சி தொடங்கினார். வசதியான லேப் கிடையாது. ஒரு சின்ன அறை, கருவி செய்ய உள்ளூர்த் தகரத் தொழிலாளி ஒருவர். ஹெர்ட்ஸ் உண்டாக்கிய அலைகள் நீளமானவை; அவற்றை ஒளிபோல வளைத்து, திருப்பிச் சோதிக்க அறையே பத்தாது. போஸ் அலையையே சின்னதாக்கினார், 5 மில்லிமீட்டர் வரைக்கும். இன்றைய கணக்கில் 60 கிகாஹெர்ட்ஸ்! அலை சின்னதானால் ஆன்டெனாவும் சின்னதாகும். மேஜைமேல் வைக்கிற உலோகக் குழாய், அதன் வாயில் விரிந்த ஒரு புனல், அவ்வளவுதான். இன்று ஹார்ன் ஆன்டெனா என்கிறோமே, அதேதான். 1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில் சுவர்களைத் தாண்டி 75 அடி தூரத்தில் மணியை அடிக்க வைத்தார், வெடிமருந்தையும் வெடிக்க வைத்தார்.

தம்பிகளுக்கு நான் சொல்வதும் இதைத்தான். ஆன்டெனா புதிதாகச் சக்தி எதையும் உண்டாக்காது. இருப்பதை ஒரு பக்கம் குவிக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலை 12.5 சென்டிமீட்டர், ஆகவே கையளவு ஆன்டெனா போதும். சுற்றிலும் பல சென்சார் இருந்தால் குச்சி ஆன்டெனா. தூரத்தில் ஒன்றே ஒன்று இருந்தால் யாகி. கெயின் அதிகமான குச்சியை உயரத்தில் மாட்டினால் அதன் காலடியில் இருக்கும் சென்சாருக்குக் கேட்காமல் போகலாம். கடலோரத்தில் உப்புக்காற்று கனெக்டரைத் தின்றுவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இது போஸுக்கு இல்லாத தொல்லை.

அலையின் அதிர்வுத் தளத்தையும் அவர் விடவில்லை. ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே உலோகத்தாள் வைத்தும், முறுக்கிய சணலை வைத்தும் சோதித்தார். அனுப்பும் குச்சி நிமிர்ந்தும் வாங்கும் குச்சி படுத்தும் இருந்தால் சிக்னல் செத்துப்போவது இந்த விஷயத்தால்தான்.

1897-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இதையெல்லாம் செய்து காட்டினார். ஆனால் அன்று உலகத்துக்கு வேண்டியது தூரம். மார்க்கோனி நீண்ட அலையை எடுத்தார்; 1901-ல் பட்டத்தில் கம்பி கட்டி அட்லாண்டிக்கைத் தாண்டிய சிக்னலைப் பிடித்தார். கப்பலுக்கு அதுதான் சரி. போஸ் காசு பார்க்க விரும்பவில்லை. நண்பர்கள் வற்புறுத்தி எடுக்க வைத்த அமெரிக்கப் பேட்டண்ட் 1904-ல் கிடைத்தது, அதையும் காலாவதியாக விட்டார். இதில் எனக்கு அவரோடு முழு உடன்பாடு கிடையாது. பேட்டண்டைக் காப்பாற்றி அந்தப் பணத்தில் ஒரு லேப் கட்டியிருக்கலாம். ஆய்வகத்துக்கு 1917 வரை காத்திருந்தார். அந்த ஆண்டுதான் போஸ் இன்ஸ்டிட்யூட் திறந்தது.

அதற்குள் அவர் மனசு செடிகளுக்குப் போய்விட்டது. புனலை உலகமும் மறந்தது. 1930-களில் அமெரிக்காவில் அதை மறுபடி கண்டுபிடித்தார்கள். 1937-ல் கிரிடியில் போஸ் காலமானார். 2012-ல் ஐ.இ.இ.இ. அவருடைய மில்லிமீட்டர் அலைச் சோதனைகளை மைல்கல்லாக அறிவித்தது. இன்று கெமிக்கல் தொட்டிகளின் தலையில் ரேடார் மட்டமானியோடு கீழே பார்த்துத் தொங்குகிறதே ஒரு சின்னப் புனல், அது அவருடையதுதான்.