காற்றில்லாத கூண்டுக்குள் வெடித்த துப்பாக்கி

துப்பாக்கி சுட்டுப் பழகியவர்களைக் கேட்டுப் பாருங்கள். விசையை இழுத்ததும் குண்டு முன்னால் பாயும். துப்பாக்கி பின்னால் வந்து தோளில் ஓர் உதை கொடுக்கும். அந்த உதையின் காரணத்தைச் சரியாகப் புரிந்துகொண்டு, அதை வைத்தே வானத்துக்கு வழி தேடியவர்தான் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் கோடார்ட்.

1882-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள், மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் பிறந்தார். சின்ன வயதிலிருந்தே சீக்காளிப் பிள்ளை. படிப்பு அடிக்கடி தடைப்பட்டது. கூடப் படித்தவர்கள் எல்லாம் முந்திப் போய்விட, இவர் உயர்நிலைப் பள்ளியை முடித்தது 1904-இல், 21 வயதில். ஆனால் முடிக்கும்போது வகுப்பில் முதல் மாணவர்! இன்று பரிசு வாங்காத பிள்ளையின் பெற்றோர் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

17 வயதில், 1899 அக்டோபர் 19-ஆம் நாள், காய்ந்த கிளைகளை வெட்ட ஒரு செர்ரி மரத்தில் ஏறினார். மேலே உட்கார்ந்தபடி, செவ்வாய்க் கிரகம் வரைக்கும் போகக்கூடிய ஒரு கருவியைச் செய்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தார். அந்த நாளைத் தம் வாழ்நாள் முழுக்கத் திருநாள்போல நினைவில் வைத்திருந்தார்.

கிளார்க் பல்கலைக்கழகத்தில் 1911-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1913-இல் காசநோய் பிடித்தது. பிழைக்க மாட்டார் என்று டாக்டர்கள் கைவிரித்தார்கள். பிழைத்து எழுந்தார். மறு ஆண்டே, 1914-இல், இரண்டு ராக்கெட் காப்புரிமைகளை வாங்கிவிட்டார்.

இப்போது அந்த உதைக்கு வருவோம். எதற்காக உதைக்குது? ஒரு பொருளின் நிறையை அதன் வேகத்தால் பெருக்கினால் வருவது உந்தம். சுடுவதற்கு முன் துப்பாக்கியும் குண்டும் சும்மா இருக்கின்றன. மொத்த உந்தம் பூச்சியம். சுட்ட பிறகும் அந்தக் கணக்கு பூச்சியமாகவே இருக்க வேண்டும். 10 கிராம் குண்டு நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் முன்னே போகிறது என்று வைத்துக்கொள்வோம். 4 கிலோ துப்பாக்கி நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பின்னே வந்தால்தான் கணக்கு சரியாகும். மருந்து எரிந்து கிளம்பும் புகையும் முன்னே பாய்வதால் உதை இன்னும் கொஞ்சம் கூடும். படகிலிருந்து கரைக்குத் தாவினால் படகு பின்னால் நழுவுகிறதே, அதே சங்கதிதான். இதில் காற்றுக்கு என்ன வேலை? ஒரு வேலையும் இல்லை.

ராக்கெட்டும் ஓயாமல் சுட்டுக்கொண்டே இருக்கும் ஒரு துப்பாக்கி மாதிரிதான். குண்டுக்குப் பதிலாகச் சூடான வாயுவைக் கீழே தள்ளுகிறது. தான் மேலே போகிறது. அப்படியானால் காற்றே இல்லாத வெளியிலும் அது ஓட வேண்டும் அல்லவா? கோடார்ட் வெறும் வாயால் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. 1915, 1916-ஆம் ஆண்டுகளில் காற்றை உறிஞ்சி எடுத்த குழாய்க்குள் ராக்கெட்டுகளை எரித்து, தள்ளும் விசையை அளந்தார். காற்றில்லாத இடத்தில் விசை குறையவில்லை, கூடவே செய்தது. இந்தச் சோதனைகளையும், வெடிமருந்து ஏற்றிய ராக்கெட் ஒன்று நிலவைச் சேர முடியும் என்ற கணக்கையும் சேர்த்து எழுதிய நூலை, ஸ்மித்சோனியன் நிறுவனம் வெளியிட்டது.

வந்தது வினை! 1920 ஜனவரி 13-ஆம் நாள் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை தன் தலையங்கத்தில் அவரைக் கிண்டல் செய்தது. வெற்று வெளியில் தள்ளுவதற்குக் காற்று இல்லையே, பள்ளிப் பிள்ளைக்குத் தெரிந்ததுகூட இந்தப் பேராசிரியருக்குத் தெரியவில்லையே என்கிற பாணியில் எழுதியது. விடையோ அவருடைய நூலிலேயே அச்சாகியிருந்தது! புரட்டிப் பார்க்காமல் சிரித்தார்கள்.

சந்தேகப்பட்டவர்களுக்காக அவர் ஒரு வேடிக்கை காட்டினார். கண்ணாடிக் கூண்டுக்குள், சுழலும் தண்டு ஒன்றில் ஒரு கைத்துப்பாக்கியைப் பொருத்தினார். குண்டில்லாத வெறும் தோட்டாவைப் போட்டார். கூண்டின் காற்றை வெளியேற்றிவிட்டுச் சுட்டார். தள்ளக் காற்றும் இல்லை, பாயக் குண்டும் இல்லை. புகை ஒரு பக்கம் பாய, துப்பாக்கி மறுபக்கமாகச் சுற்றியது. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

1926 மார்ச் 16, ஆபர்ன் என்ற ஊரில் அத்தை எஃபியின் பண்ணை. பெட்ரோலும் திரவப் பிராணவாயுவும் எரிந்து, உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட் கிளம்பியது. 41 அடி உயரம், இரண்டரை நொடி. 184 அடி தள்ளி முட்டைக்கோசுத் தோட்டத்தில் விழுந்தது. மனைவி எஸ்தர் படம் பிடித்தார். ஆனால் ராக்கெட் எழும்புவதற்குள் கேமராவின் சாவி தீர்ந்துபோய், அந்தக் காட்சி பதிவாகவில்லை. பாவம்!

1929-இல் விட்ட ராக்கெட்டின் சத்தத்தில் ஊரே கலங்கி, விமானம் விழுந்துவிட்டதென்று போலீசும் ஆம்புலன்சும் ஓடி வந்தன. மீண்டும் கேலி. நல்லவேளையாக, விமானி லிண்ட்பெர்க் முயற்சி எடுத்து, குகன்ஹைம் குடும்பத்தாரின் பண உதவி கிடைத்தது. 1930-இல் நியூ மெக்சிகோ மாநிலத்து ராஸ்வெல் பக்கம், ஆள் அரவமில்லாத வெளிக்குப் போய்விட்டார். 1937-இல் அவருடைய ராக்கெட் ஒன்று 8,000 அடிக்கும் மேலே போனது.

கேலி அவரை வாய்மூடியாக்கிவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. கண்டதை அதிகம் வெளியிடவில்லை. உதவியாளர்கள் சிலரோடு தனியே உழைத்தார். அதற்குள் ஜெர்மானியர்கள் பெரிய ராக்கெட்டுகளையே கட்டிவிட்டார்கள். தொண்டைப் புற்றுநோயால் 1945 ஆகஸ்டு 10-ஆம் நாள், 62 வயதில் பால்டிமோரில் காலமானார். அவர் கண்டுபிடிப்புகளைப் பயன்படுத்தியதற்காக அமெரிக்க அரசு 10 லட்சம் டாலர் கொடுத்தது 1960-இல்தான்.

1969 ஜூலை 16-ஆம் நாள் அப்பல்லோ 11 நிலவை நோக்கிப் புறப்பட்டது. மறுநாள் நியூயார்க் டைம்ஸ் ஒரு சின்னத் திருத்தம் போட்டது: வெற்று வெளியிலும் ராக்கெட் ஓடும் என்பது உறுதியாகிவிட்டது, 1920-இல் எழுதியதற்கு வருந்துகிறோம் என்ற பொருளில். தலையங்கம் வந்து 49 ஆண்டுகள். அதைப் படிக்க கோடார்ட் இல்லை. எஸ்தர் அம்மையார் இருந்தார்.