கரும்பின் குலம் கண்ட அம்மையார்

நதிமூலம், ரிஷிமூலம் கேட்கக் கூடாது என்பார்கள். ஆனால் பயிரின் மூலத்தையும் நோயின் மூலத்தையும் கேட்டே ஆகவேண்டும். பயிரின் மூலத்தைத் தேடுவதிலேயே ஆயுளைக் கழித்தவர் ஜானகி அம்மாள்.

1897-ல் தலைச்சேரியில் பிறந்தார். தந்தை நீதிபதி. சகோதரிகள் மணமாகிப் போனார்கள். ஜானகியோ, கல்யாணம் வேண்டாம், படிப்பே போதும் என்று இருந்துவிட்டார். சென்னையில் கல்லூரியில் படித்தார். பிறகு கடல் கடந்து அமெரிக்கா சென்று, 1931-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

கல்வராயன் மலையடிவாரத்தில், கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் கரும்பு வயல்கள் ஏராளம். இன்றைய கரும்பின் மூதாதையரில் ஒன்று ஆற்றோரத்து நாணல்! தித்திப்புக் கரும்பையும் உரமான நாணலையும் கலந்து புது வகைகளை உண்டாக்கியது கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையம். 1934-ல் ஜானகி அம்மாள் அங்கே பணியில் சேர்ந்தார்.

உயிரணுவுக்குள் நூலிழை போன்ற குரோமோசோம்கள் இருக்கின்றன. மனிதனுக்கு 46. தாய் வழியில் பாதி, தந்தை வழியில் பாதி. இழைகளை எண்ணிப் பார்த்தால், ஒரு பயிரின் பெற்றோர் யார் என்று துப்புக் கிடைக்கும். மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்து அம்மையார் எண்ணினார். கரும்பை மக்காச்சோளத்தோடும் கலந்து பார்த்தார்.

பெண் என்றும், சாதியைச் சொல்லியும் அவரை மட்டம் தட்டியவர்கள் உண்டு. அவர் வேலையை விடவில்லை. உலகப் போரில் லண்டன் மீது குண்டு விழுந்தபோதும் இங்கிலாந்தில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1945-ல் டார்லிங்டன் என்ற அறிஞரோடு சேர்ந்து, பயிர்களின் குரோமோசோம் கணக்கைப் பெரிய நூலாக வெளியிட்டார். நேரு அழைக்க, 1951-ல் தாயகம் திரும்பினார். 1977-ல் பத்மஸ்ரீ பட்டம் வந்தது. 1984-ல் தம் 86-வது வயதில், சென்னையை அடுத்த மதுரவாயலில் காலமானார்.

அவர் புற்றுநோயை ஆராய்ந்தவர் அல்லர். ஆனால் நிணநீர்ப் புற்றுநோயின் மூலத்தைக் காண மருத்துவர்களும் குரோமோசோமையே பார்க்கிறார்கள். பர்க்கிட் லிம்போமா என்ற நோயில், பெரும்பாலும் 8-வது, 14-வது குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டியிருக்கும். 14-ல் முறிந்த இடம், கிருமியை எதிர்க்கும் பொருளை உண்டாக்கும் இடம். அந்தப் பொருளை உண்டாக்குவது பி வகை வெள்ளணுக்களின் வேலை. ஆகவே நோய் பிறந்த வீடு அதுதான் என்று தெரிகிறது. தக்க மருந்தைத் தேர்ந்தெடுக்கவும் வழி பிறக்கிறது.

மனிதரிடம் குலம் கேட்பது சிறுமை. பயிரிடமும் நோயிடமும் கேட்பது அறிவு. அம்மையார் வாழ்க்கை காட்டும் பாடம் இதுவே.