அரண்மனைச் சுவரிலிருந்து எளியோர் இல்லத்துக்கு: ரவி வர்மாவின் தூரிகையும் அச்சகமும்

பள்ளுருத்தியை அடுத்த மட்டாஞ்சேரி அரண்மனையில், மன்னரின் பள்ளியறைச் சுவர்களை இராமாயணக் காட்சிகள் நிறைத்திருக்கின்றன. ஒரு காலத்தில் அவற்றைக் காணும் பேறு அரண்மனைக்குள் நடமாடியோருக்கே வாய்த்தது. தெய்வ உருவங்களை அச்சிட்ட தாள்களாக எளியோர் இல்லங்களுக்குக் கொண்டுசேர்த்த முயற்சியில் முதன்மையாகப் பேசப்படுபவர் ராஜா ரவி வர்மா. புனே, கல்கத்தா அச்சகங்கள் இப்பணியை முன்பே தொடங்கியிருந்தாலும், அவரது பெயரே நிலைத்துவிட்டது.

திருவிதாங்கூரின் கிளிமானூரில் 1848 ஏப்ரல் 29-இல் பிறந்த அவர், 14-ஆவது வயதில் ஆயில்யம் திருநாள் மன்னரின் அவைக்கு வந்தார். எண்ணெய் வண்ணக் கலையை அவருக்கு எவரும் எளிதில் கற்பிக்கவில்லை. அரண்மனை ஓவியரான மதுரை ராமசாமி நாயக்கர் தமது நுட்பங்களை மறைத்தார் என்றும், அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளையே இரகசியமாக உதவினார் என்றும் கூறப்படுகிறது. 1868-இல் வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும், தாம் வரைவதை அருகிருந்து பார்க்க மட்டுமே இசைந்தாராம். பார்த்தே கற்ற அந்தக் கைக்கு 1873-இல் சென்னைக் கண்காட்சியிலும் வியன்னாவிலும் பரிசுகள் கிடைத்தன. அதன்பின் ஆளுநர்களும் சமஸ்தான மன்னர்களும் தத்தம் உருவப்படங்களுக்காக அவரை நாடினர். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு அவர் அனுப்பிய பத்து ஓவியங்களும் பாராட்டப்பட்டன.

ஓர் ஓவியர் எத்தனை படங்களைத்தான் கையால் வரைய இயலும்? படங்களை அச்சில் பெருக்கலாம் என்ற யோசனையை திவான் டி. மாதவ ராவ் முன்வைத்திருந்தார். அதன்படி 1894-இல் பம்பாயில் அச்சகம் எழுந்தது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல்லில் உருவம் தீட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பிசகாமல் பதிக்கும் நுண்ணிய வேலை அது. சேலையுடுத்திய லட்சுமியும் சரசுவதியும் பூசையறைகளில் இடம்பிடித்தனர்.

ஆயினும் புகழ் பெருகிய வேகத்தில் பணம் பெருகவில்லை. அச்சகம் லோனாவாலா அருகிலுள்ள மளவலிக்கு மாறியும் கடன் தீராததால், அங்கு பணியாற்றிய ஜெர்மானியத் தொழில்நுட்பர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷருக்கே அது விற்கப்பட்டது. தூரிகையில் துணைநின்ற தம்பி ராஜ ராஜ வர்மாவும் 1905-இல் மறைந்தார். மறு ஆண்டு அக்டோபர் 2-இல் ரவி வர்மா கிளிமானூரில் காலமானார்.

ஐரோப்பிய முறையைப் பின்பற்றியவர் என்று வங்க ஓவிய இயக்கத்தினர் அவரைப் பின்னர் கடுமையாக விமர்சித்தனர். அதில் நியாயம் உண்டு. ஆனால் காலண்டர் படங்களை வணங்கிய மக்கள் அந்த வாதத்தைப் பொருட்படுத்தவே இல்லை. மளவலி அச்சகம் 1972-இல் தீக்கிரையானது. 1979-இல் அவரது ஓவியங்களைக் கலைக் கருவூலமாக அறிவித்த மத்திய அரசு, அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்லத் தடை விதித்தது.