கழுதைக்கு மூச்சளித்த துருத்தி

இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில், வால்டன் ஹால் என்னும் பரம்பரை மாளிகையில் 1782-ஆம் ஆண்டு பிறந்தவர் சார்லஸ் வாட்டர்டன். இயற்கையியலாளர், கிறுக்கர் என்றும் பெயரெடுத்தவர். முதலையின் முதுகில் ஏறி அமர்ந்தவர் என்றே பலரும் அவரை நினைவில் வைத்துள்ளனர். கானகத்துச் சிறு பூனைகளை இன்று உயிருக்கு ஊறின்றி மயக்கிச் சிகிச்சையளிக்கும் அறிவின் தொடக்கத்தில் அவருக்கும் ஓர் இடமுண்டு என்பதை எவரும் பேசுவதில்லை.

உறவினரின் தோட்டங்களை மேற்பார்வையிட 1804-இல் அவர் தென் அமெரிக்காவின் டெமராராவுக்கு, இன்றைய கயானாவுக்குச் சென்றார். அடிமை உழைப்பில் இயங்கிய தோட்டங்கள் அவை என்பதை மறைப்பதற்கில்லை. 1812-இல், மக்குசி பழங்குடியினர் அம்பு முனையில் தடவும் குராரே நஞ்சைத் தேடி வெறுங்காலுடன் காட்டுக்குள் நடந்தார்.

அவர் கொணர்ந்த நஞ்சு 1814-இல் லண்டனில் ஒரு பெண் கழுதைக்குச் செலுத்தப்பட்டது. பத்தே நிமிடங்களில் அது இறந்ததுபோல் சாய்ந்தது. மூச்சுக்குழலைக் கீறித் துருத்தியால் காற்றூதினார்கள். இரண்டு மணி நேரத்தில் தலை தூக்கிப் பார்த்தது. ஊதுவதை நிறுத்தியதும் மீண்டும் சாய்ந்தது. மேலும் இரண்டு மணி நேரம் விடாமல் ஊதவே பிழைத்தது. வூராலியா என்ற பெயருடன் வால்டன் ஹாலில் 1839 வரை வாழ்ந்தது.

கொல்வது நஞ்சன்று, மூச்சு நிற்பதே என்பது அன்று தெளிவாயிற்று. ஆனால், அசையாத விலங்கு உறங்குவதில்லை. குராரே, நரம்புக்கும் தசைக்கும் உள்ள தொடர்பை மட்டுமே அறுக்கிறது. உணர்வு அப்படியே இருக்கிறது என்பதைப் பின்னர் பிரான்ஸின் கிளாட் பெர்னார்ட் ஆய்வுகளால் காட்டினார். அதன்பிறகும், 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் வனவிலங்குகளைப் பிடிக்க எய்த ஊசிகளில் இத்தகைய முடக்கும் மருந்துகளே இருந்தன. அளவு சற்று மிகுந்தால் மூச்சு நின்றது. மிகாவிட்டாலும் விலங்கு அச்சத்தை முழுமையாக உணர்ந்தபடியே கிடந்தது.

வாட்டர்டன் நடந்த அதே காடுகளில் ஒசெலாட் என்னும் புள்ளிப் பூனை வாழ்கிறது. இன்று கூண்டில் சிக்கும் அத்தகைய பூனைக்குக் கேட்டமினும் மெடிட்டோமிடினும் சேர்த்துச் செலுத்துவது வழக்கம். சில கிலோ எடையே உள்ள உயிர் என்பதால் எடைக் கணிப்பில் சிறு பிழையும் பெரிதாகிவிடும். இமை மூடாது, ஆகவே கண்ணுக்குக் களிம்பு இடவேண்டும். உடல் விரைவில் குளிர்ந்துவிடும், போர்வை தேவை. மெடிட்டோமிடினுக்கு மாற்று மருந்துண்டு, கேட்டமினுக்கு இல்லை. எனவே கேட்டமின் தணியும்வரை பொறுத்தே மாற்று மருந்தைத் தரவேண்டும். அவசரப்பட்டால் விலங்கு வலிப்புடன் விழிக்கக்கூடும். இவ்வளவுக்கும் நடுவே கவனிப்பவரின் கண் முதலில் தேடுவது விலா அசைகிறதா என்பதைத்தான்.

ஊர் திரும்பிய வாட்டர்டன் தம் நிலத்தைச் சுற்றி மூன்று மைல் நீளத்துக்கு மதிலெழுப்பி, அதற்குள் வேட்டையைத் தடைசெய்தார். 1865 மே மாதம் அதே வளாகத்தில் தவறி விழுந்து, சில நாள்களில் மறைந்தார்.