ஜவ்வாது மலை நூறு நாள் வேலைக்கும் கெய்ன்ஸுக்கும் என்ன சம்பந்தம்?

பொருளாதார மேதை கெய்ன்ஸ் 1883ல் கேம்பிரிட்ஜில் பிறந்தவர். 1906ல் சேர்ந்த முதல் வேலையே லண்டன் இந்திய அலுவலகத்தில்தான். 1913ல் ரூபாய் பற்றி புத்தகமே போட்டார். ஆனா இந்தியா வந்ததே இல்லை!

1929 பிரிட்டன் தேர்தல். கடன் வாங்கி சாலை போட்டு வேலை கொடுக்கலாம் என்றது லிபரல் கட்சி. தனியார் முதலீடுதான் குறையும் என்றது நிதித்துறை. கெய்ன்ஸ் லிபரல் பக்கம். கூலி கடைக்குப் போகும், பணம் சுத்தும் என்பது அவர் கணக்கு. கட்சி தோற்றது. 1936ல் அதையே பெரிய நூலாக்கினார், 1946ல் மறைந்தார்.

ஜமுனாமரத்தூர் இருக்கும் திருவண்ணாமலை மாவட்டத்துக்கு நூறு நாள் வேலை 2006லேயே வந்தது. கூலி முழுக்க மத்திய அரசு பணம். 2025 டிசம்பர் சட்டத்தில் 125 நாள். ஆனா செலவில் 40 சதவீதம் மாநிலத்தின் தலையில். மந்தம் வந்தால் மாநில கஜானாவும் காலியாகுமே? கெய்ன்ஸ் கணக்கு இடிப்பது இங்கேதான்.