படுக்கை அருகே ஒரு பள்ளி

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. நீச்சலைப் பற்றி எத்தனை நூல்களைப் படித்தாலும் நீரில் இறங்காதவர் நீந்தக் கற்றுக்கொள்ள முடியாது. நோயாளிகளைப் பேணும் தாதிமைத் தொழிலும் அத்தகையதே. இன்று தாதியர் பயிற்சி பெறும் மாணவர்கள் வகுப்பறையில் பாடம் கற்பதோடு மருத்துவமனைக்கும் செல்கின்றனர். அனுபவமிக்க மூத்த தாதியரின் மேற்பார்வையில் நோயாளிகளின் படுக்கை அருகே நின்று தொழிலைக் கற்கின்றனர். இம்முறை வேரூன்றப் பெரிதும் உழைத்தவர் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். போர்க்கால மருத்துவமனையில் கையில் விளக்கேந்தி வலம் வந்தவராகவே உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. ஆனால், அவர் தாதியரை உருவாக்கிய ஆசானாகவும் நெடுங்காலம் உழைத்தார்.

புளோரன்ஸ் 1820ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் இத்தாலி நாட்டிலுள்ள புளோரன்ஸ் நகரில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரையே பெற்றோர் அவருக்குச் சூட்டினர். செல்வம் மிக்க ஆங்கிலேயக் குடும்பம் அது. தந்தையார் வில்லியம் நைட்டிங்கேல் தம் இரு மகள்களுக்கும் வீட்டிலேயே வரலாறு, மெய்யியல், கிரேக்கம், இலத்தீன் முதலியவற்றைக் கற்பித்தார். புளோரன்சுக்குக் கணிதத்தில் தனி ஈடுபாடு இருந்தது.

வளர்ந்த பின்னர், நோயாளிகளுக்குத் தொண்டாற்ற வேண்டும் என்னும் ஆவல் அவருடைய உள்ளத்தில் எழுந்தது. 1845ஆம் ஆண்டில், அருகிலிருந்த சாலிஸ்பரி மருத்துவமனையில் தங்கிப் பயிற்சி பெற விரும்பினார். பெற்றோர் அதனைக் கேட்டு அதிர்ச்சி அடைந்தனர். அக்காலத்தில் மருத்துவமனைத் தாதியரைச் சமுதாயம் மதிக்கவில்லை. முறையான பயிற்சி இல்லாதவர்களே பெரும்பாலும் அவ்வேலைக்கு வந்தனர். அவர்களுள் சிலர் மதுப்பழக்கத்திற்கு அடிமையானவர்கள் என்ற அவப்பெயரும் இருந்தது. எனவே, பெற்றோர் அனுமதி மறுத்தனர். புளோரன்ஸ் மனம் தளரவில்லை. மருத்துவமனைகளைப் பற்றிய அறிக்கைகளைத் தாமே தேடிப் படித்தார். ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1851ஆம் ஆண்டில் ஜெர்மனியிலுள்ள கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில் ஏறக்குறைய மூன்று மாதம் பயிற்சி பெற்றார். 1853ஆம் ஆண்டில் லண்டனில் ஒரு சிறிய மருத்துவமனையை நிர்வகிக்கும் பொறுப்பு அவரைத் தேடி வந்தது.

அடுத்த ஆண்டு பிரிட்டன் கிரீமியப் போரில் இறங்கியது. காயமுற்ற பிரிட்டிஷ் வீரர்கள் துருக்கியின் ஸ்கூட்டாரி மருத்துவமனையில் போதிய கவனிப்பின்றித் துன்புற்றனர். அரசாங்கத்தின் வேண்டுகோளை ஏற்று, 38 தாதியருடன் நைட்டிங்கேல் அங்குச் சென்றார். 1854ஆம் ஆண்டு நவம்பர் மாதத் தொடக்கத்தில் அவர்கள் அங்குச் சேர்ந்தபோது, மருத்துவமனை அழுக்கும் துர்நாற்றமும் நிறைந்து கிடந்தது. போரில் பட்ட காயங்களைவிடக் காலரா, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் முதலிய நோய்களே அதிக வீரர்களின் உயிரைப் பறித்தன. 1855ஆம் ஆண்டு மார்ச் மாதம் அரசாங்கம் அனுப்பிய சுகாதாரக் குழுவினர் கழிவுநீர்க் கால்வாய்களைச் சுத்தப்படுத்திக் காற்றோட்டத்தைச் சீராக்கினர். அதன்பின் இறப்பு விகிதம் பெரிதும் குறைந்தது.

அப்போர் நைட்டிங்கேலுக்கு மற்றொரு பாடத்தையும் புகட்டியது. அவருடன் சென்ற தாதியரிடம் நல்லெண்ணம் இருந்தது. ஆயினும், எல்லாரிடமும் பயிற்சி இல்லை. கட்டுப்பாடின்றி நடந்துகொண்ட சிலரை அவர் திருப்பி அனுப்ப நேர்ந்தது. இரக்கம் மட்டுமே ஒருவரைத் தாதியாக்கிவிடாது. கண்ணும் கையும் மனமும் ஒருங்கே பழக்கப்பட வேண்டும் என்பதை அவர் கண்கூடாக உணர்ந்தார்.

போரின்போது அவர் ஆற்றிய தொண்டைப் பாராட்டிப் பொதுமக்கள் நிதி திரட்டினர். சுமார் 45,000 பவுண்டு சேர்ந்தது. அத்தொகையைத் தமக்கென ஒரு காசும் எடுத்துக்கொள்ளாமல், தாதியர் பயிற்சிப் பள்ளி ஒன்றை அமைக்க நைட்டிங்கேல் பயன்படுத்தினார். 1860ஆம் ஆண்டில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அப்பள்ளி தொடங்கப்பட்டது. முதலாம் ஆண்டில் 15 பெண்கள் மாணவியராகச் சேர்ந்தனர்.

அப்பள்ளியின் அமைப்பு புதுமையானது. மாணவியர் மருத்துவமனையிலேயே தங்கினர். ஒவ்வொருவருக்கும் தனியறை, உணவு, சீருடை ஆகியவற்றோடு ஆண்டுக்கு 10 பவுண்டு உதவித்தொகையும் வழங்கப்பட்டது. மருத்துவர்கள் அவ்வப்போது பாடம் நடத்தினர். ஆயினும், பகற்பொழுதின் பெரும்பகுதி வார்டுகளில்தான் கழிந்தது. ஒவ்வொரு வார்டுக்கும் பொறுப்பான மூத்த தாதியே மாணவியரின் உண்மையான ஆசிரியர். புண்ணுக்கு மருந்திட்டுக் கட்டுவது, எழ முடியாத நோயாளியை அலுங்காமல் நகர்த்திப் படுக்கை விரிப்பை மாற்றுவது, படுக்கைப் புண் வராமல் காப்பது, அக்கால வழக்கப்படி அட்டை விடுவது எனப் பல வேலைகளை அவரைப் பார்த்து மாணவியர் கற்றனர். பிறகு அவருடைய கண்முன்னே தாமே செய்து பழகினர்.

பள்ளியை நேரடியாக நடத்தியவர் தலைமைத் தாதி சாரா வார்ட்ரோப்பர் அம்மையார். ஒவ்வொரு மாணவியைப் பற்றியும் அவர் மாதந்தோறும் ஒரு மதிப்பீட்டுப் படிவத்தை நிறைவு செய்தார். அப்படிவத்தில் தொழில்திறனுக்கு ஒரு பகுதி இருந்தது. நேரந்தவறாமை, நம்பகத்தன்மை, அமைதி, தூய்மை போன்ற பண்புகளுக்கு மற்றொரு பகுதி இருந்தது. கை திறமையாக வேலை செய்தாலும் சொல்லில் உண்மை இல்லையெனில், அத்தகையவரிடம் நோயாளியின் உயிரை எப்படி ஒப்படைப்பது என்பதே நைட்டிங்கேலின் எண்ணம்.

கூர்ந்து நோக்கும் ஆற்றலை அவர் மிக முக்கியமாகக் கருதினார். தாதிமை பற்றி அவர் எழுதிய நூலில் இதனைச் சிறு சிறு எடுத்துக்காட்டுகளால் விளக்கினார். நோயாளி நன்றாக உறங்கினாரா என்று கேட்டால் ஆம் அல்லது இல்லை என்ற பதில்தான் கிடைக்கும். எத்தனை மணி நேரம் உறங்கினார், எந்த நேரத்தில் விழித்தார் என்று கேட்டால்தான் உண்மை நிலை தெரியும். நோயாளி உணவை உண்ணாமல் வைத்துவிட்டால் அவருக்குப் பசியில்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. உணவு கொடுத்த நேரம் தவறா, சமைத்த விதம் தவறா, கையை உயர்த்தவும் வலுவில்லையா என்று ஆராய வேண்டும். கோப்பையின் அடியில் தேங்கிய ஒரு துளி நோயாளியின் ஆடையில் சிந்துவதுகூட அவருடைய கவனத்திற்குத் தப்பவில்லை.

பள்ளியின் புகழ் விரைவில் பரவியது. அங்குப் பயின்ற ஆக்னஸ் ஜோன்ஸ் 1865ஆம் ஆண்டில் லிவர்பூல் நகரின் ஏழைகளுக்கான மருத்துவமனையில் பொறுப்பேற்றார். பயிற்சி பெற்ற 12 தாதியரின் துணையோடு அவ்விடத்தின் நிலையை மாற்றினார். ஆனால், 1868ஆம் ஆண்டில் அங்குப் பரவிய டைபஸ் காய்ச்சல் அவருடைய உயிரைப் பறித்தது. அப்போது அவருக்கு வயது 35. அந்த இழப்பு நைட்டிங்கேலைப் பெரிதும் வாட்டியது. அதே ஆண்டில் லூசி ஆஸ்பர்ன் என்பவர் ஐந்து தாதியருடன் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்குச் சென்று பணியைத் தொடங்கினார்.

வெளியே புகழ் பெருகியபோதிலும் பள்ளிக்குள்ளே குறைகள் வளர்ந்துகொண்டிருந்தன. கிரீமியாவில் தொற்றிய காய்ச்சலால் உடல் நலிந்த நைட்டிங்கேல், நெடுங்காலம் படுக்கையிலும் சாய்வு நாற்காலியிலும் கிடந்தே பணியாற்றினார். இராணுவச் சுகாதாரம், இந்தியாவின் பொதுச் சுகாதாரம் போன்ற பணிகளும் அவருடைய நேரத்தை எடுத்துக்கொண்டன. பள்ளி நன்றாக நடக்கிறது என்றே அவர் நம்பியிருந்தார்.

1870களின் தொடக்கத்தில் உண்மை நிலை வெளிப்பட்டது. பாடம் நடத்த வேண்டிய மருத்துவர் பல ஆண்டுகளாகத் தம் கடமையைச் சரிவரச் செய்யவில்லை. வார்டுகளில் வேலை மிகுந்திருந்ததால், மாணவியரைக் கற்கவந்தவர்களாகக் கருதாமல் கூடுதல் பணியாளர்களாகவே சிலர் நடத்தினர். எதனை ஏன் செய்கிறோம் என்று எவரும் விளக்காத நிலையில், அவர்கள் வேலையை மட்டும் செய்துகொண்டிருந்தனர். நோயாளியின் அருகே நின்றால் மட்டும் கல்வி வந்துவிடாது. அருகே ஓர் ஆசான் நின்று வழிகாட்ட வேண்டும் என்பது அப்போது தெளிவாயிற்று.

தம் பெயரைத் தாங்கிய பள்ளியின் குறைகளை நைட்டிங்கேல் மூடி மறைக்கவில்லை. 1872ஆம் ஆண்டு முதல் அதனைச் சீர்ப்படுத்தும் பணியில் முனைந்து இறங்கினார். புதிய மருத்துவ ஆசிரியராக ஜான் கிராஃப்ட் என்னும் அறுவை மருத்துவர் நியமிக்கப்பட்டார். ஒழுங்கான பாடத்திட்டம் உருவாயிற்று. மாணவியர் தங்கிய இல்லத்தில் அவர்களுடனேயே வாழ்ந்து, படிப்பிலும் நடத்தையிலும் வழிகாட்டுவதற்கென்றே ஒரு மூத்த தாதி அமர்த்தப்பட்டார். 1875ஆம் ஆண்டு முதல் அப்பொறுப்பை மேரி கிராஸ்லாண்ட் அம்மையார் ஏற்று, இருபது ஆண்டுக்கு மேல் பணியாற்றினார். வார்டில் கற்றதையும் வகுப்பில் கேட்டதையும் மாணவியர் மனத்தில் இணைக்க அவர் உதவினார்.

நோயுற்றிருந்த நைட்டிங்கேலால் வார்டுக்குச் செல்ல இயலவில்லை. எனவே, மாணவியரைத் தம் இல்லத்திற்கு வரவழைத்தார். ஒவ்வொருவரிடமும் தனித்தனியே நெடுநேரம் உரையாடினார். வார்டில் என்ன கற்றார்கள், எதில் இடர்ப்பட்டார்கள் என்பதைக் கேட்டறிந்து குறித்துக்கொண்டார். அவர்கள் எழுதிய நாட்குறிப்புகளையும் படித்தார். அவர்கள் மூலமாகவே எந்த வார்டில் பயிற்சி சிறப்பாக நடக்கிறது, எங்குக் குறை உள்ளது என்பதைத் தம் அறையில் இருந்தபடியே அறிந்தார்.

1872ஆம் ஆண்டில் மாணவியருக்கும் தாதியருக்கும் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அது அவர்கள் கூடியிருந்த அவையில் வாசிக்கப்பட்டது. அதன்பின் பல ஆண்டுகள் அவ்வழக்கம் தொடர்ந்தது. பயிற்சி முடிந்ததும் கல்வி முடிந்துவிடுவதில்லை என்பதே அக்கடிதங்களில் மீண்டும் மீண்டும் ஒலித்த கருத்து. ஆண்டுதோறும் முன்னேறாத தாதி, தாம் அறியாமலேயே பின்தங்கிவிடுவார் என அவர் எச்சரித்தார். மாணவியர் பயிற்சி முடித்து வேறு மருத்துவமனைகளில் பொறுப்பேற்றபோது மலர்கள் அனுப்பி வாழ்த்தினார். சோர்வுற்றவர்களுக்குச் சத்தான உணவுப்பொருள்களையும் நூல்களையும் அனுப்பினார். தொலைவில் பணியாற்றியவர்களுக்கு எண்ணற்ற கடிதங்கள் எழுதி ஆலோசனை கூறினார். 1877ஆம் ஆண்டில், அமெரிக்காவில் முறையாகப் பயிற்சி பெற்ற முதல் தாதியாகக் கருதப்படும் லிண்டா ரிச்சர்ட்சும் அவரை நாடி வந்து பயன் பெற்றார்.

1880களின் இறுதியில், தாதியர் பெயர்களைப் பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. நைட்டிங்கேல் அதனை எதிர்த்தார். தேர்வுத்தாளால் அறிவை அளக்கலாம். பொறுமையையும் நேர்மையையும் அளக்க முடியாது என்பது அவருடைய வாதம். தகுதியற்றவர்களிடமிருந்து மக்களைக் காக்கப் பதிவேடு தேவை என்று மற்றவர்கள் வாதிட்டனர். அவர் மறைந்த பிறகு, 1919ஆம் ஆண்டில் பதிவுச் சட்டம் பிரிட்டனில் நிறைவேறியது. காலம் மற்றவர்களின் கருத்தை ஏற்றுக்கொண்டது. எனினும், அவர் வலியுறுத்திய நற்பண்பின் தேவையை இன்றளவும் யாரும் மறுப்பதில்லை.

1907ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசர் அவருக்கு உயரிய மெரிட் விருதை வழங்கினார். அவ்விருதைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. 1910ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள், 90ஆம் வயதில் அவர் இயற்கை எய்தினார். புகழ்பெற்ற வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்ய முன்வந்தபோது, குடும்பத்தினர் அதனை ஏற்கவில்லை. எளிமையை விரும்பிய அவருடைய உடல் சிற்றூர் ஒன்றின் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் பிறந்த மே 12ஆம் நாளை உலகம் இன்று அனைத்துலகத் தாதியர் தினமாகக் கொண்டாடுகிறது. ஒரு மாணவி முதன்முதலாக நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்க்கும்போது அவளுடைய விரல்கள் நடுங்கலாம். அருகில் நிற்கும் மூத்த தாதி, பிடிக்க வேண்டிய இடத்தைக் காட்டி, மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்கச் சொல்வார். அவ்வாறு கற்றுக்கொண்ட மாணவி நாளை மற்றொருவருக்குக் கற்றுக்கொடுப்பாள். ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றுவதுபோல் தொடரும் இப்பணியே நைட்டிங்கேல் அம்மையார் உலகிற்கு விட்டுச்சென்ற பெருஞ்செல்வமாகும்.